கடைசிக் குழாயில் மஞ்சள் இல்லை

இன்று காலை பிளீச்சிங் பவுடர் டின்னைத் திறந்ததும் மூக்கில் ஏறிய நெடியில் நீங்கள்தான் நினைவுக்கு வந்தீர்கள். உங்கள் இடத்துக்குப் புது ஆள் வரும்வரை நானேதான் வாளியில் கலக்கித் தொட்டிக்கு ஏற்றுகிறேன். ஊராட்சி அலுவலகத்துக்குள் நீங்கள் நுழையும்போது உங்கள் சேலையில் இதே நெடிதான் இருக்கும். "கொஞ்சம் தள்ளி உக்காருங்க" என்று முகம் சுளித்திருக்கிறேன். இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

நீங்கள் தண்ணீர்த் தொட்டி ஆபரேட்டர், நான் பதிவேடு எழுதும் கிளார்க். இருவருக்கும் ஒரே வயது. தண்ணீரில் குளோரின் இருக்கிறதா என்று தினமும் பார்த்து எழுதவேண்டும். குப்பியில் தண்ணீர் பிடித்து மருந்துச் சொட்டு விட்டால் மஞ்சளாக வேண்டும், அவ்வளவுதான். நம் ஊரில் அதைத் தொட்டிக்குக் கீழே இருக்கிற முதல் குழாயில்தான் பார்ப்பார்கள். அங்கே எப்போதும் மஞ்சள்தான். நான் அதையும் பார்க்காமல், மாதக் கடைசியில் ஒரே மூச்சில் எல்லா நாளுக்கும் 'சரி' என்று எழுதிவிடுவேன். எனக்கு முன்னால் இருந்தவரும் அப்படித்தான் எழுதினார்.

ஒரு நாள் குப்பியை எடுத்துக்கொண்டு என்னைக் காலனிக்கு நடத்திக் கூட்டிப்போனீர்கள். கடைசி வீதி, கடைசி வீடு. அது உங்கள் வீடு. குழாயில் பிடித்துச் சொட்டு விட்டீர்கள். நிறம் மாறவே இல்லை.

"இதுக்கு என்னன்னு எழுதுவீங்க, கிளார்க்கம்மா?"

நாளைக்குப் பார்க்கலாம் என்று மழுப்பினேன்.

"நோட்டை யாரும் குடிக்கிறதில்லீங்க. தண்ணியத்தான் குடிக்கறாங்க."

நீங்கள் குரலை உயர்த்தவே இல்லை. எனக்குத்தான் கோபம் வந்தது. இரண்டு நாள் உங்களோடு பேசவில்லை. மூன்றாம் நாள் அந்த வீதியில் வயிற்றுப்போக்கு. பக்கத்து வீட்டுக் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு நீங்கள் அன்னூர் ஆஸ்பத்திரிக்குப் பஸ் ஏறினீர்கள். குழந்தை பிழைத்தது. அந்த மாதக் கடைசியில் பேனாவை எடுத்தேன், 'சரி' என்று எழுதக் கை வரவில்லை.

அதன் பிறகு தினமும் கடைசிக் குழாயில்தான் பார்த்தோம். அங்கேயும் மஞ்சள் வரும்வரை பவுடரைக் கூட்டினீர்கள். மேல்வீதிக்காரர்கள் தண்ணீர் நாறுகிறது என்று சண்டைக்கு வந்தார்கள். "வாடை மூணு நாள்ல பழகிருமுங்க. பேதி பழகாதுங்க" என்று சொல்லிவிட்டு நீங்கள் பாட்டுக்கு வாளியைக் கழுவினீர்கள்.

நெஞ்சு வலி என்று ஆஸ்பத்திரிக்குப் போன நீங்கள் திரும்பி வரவில்லை. இப்போது சாக்கடையை ஒட்டிப் போகிற குழாய் உடைந்து அழுக்குத் தண்ணீர் கலந்து, உங்கள் வீதியில் மூன்று நாளாக மஞ்சள் இல்லை. காய்ச்சிக் குடிக்கச் சொல்லி வீடு வீடாகப் போய்ச் சொன்னேன். பதிவேட்டில் மூன்று நாளும் 'இல்லை' என்று எழுதினேன். இன்று ஆய்வு. ஊராட்சித் தலைவர் காலையிலேயே வந்துவிட்டார்.

"அம்மணி, அந்தப் பக்கத்தக் கிழிச்சுப்போட்டுப் புதுசா எழுதிருங்க."

"கிழிக்க மாட்டேனுங்க."

"வேற ஊருக்கு மாத்திப்போட்டா என்ன பண்ணுவீங்க?"

"அந்த ஊர்லயும் கடைசிக் குழாய் இருக்குமுங்க."

பதிவேட்டை எடுத்துக் கையில் இடுக்கிக்கொண்டேன்.

ஆய்வுக்கு வந்த அதிகாரி முதல் குழாயில் பார்த்தார். நல்ல மஞ்சள். தலைவர் சிரித்துக்கொண்டே ஜீப்பைக் காட்டினார்.

"ஏனுங்க சார், இன்னும் ஒரு குழாய் இருக்குதுங்க" என்று சொல்லிவிட்டு நான் குப்பியோடு நடந்தேன். வேறு வழியில்லாமல் பின்னால் வந்தார்கள். உங்கள் மகள்தான் குழாயைத் திறந்துவிட்டாள். சொட்டு விட்டேன். நிறம் மாறவில்லை. துணி துவைக்கிற கல்லின்மேல் பதிவேட்டை வைத்து 'இல்லை' என்று எழுதி நீட்டினேன். அதிகாரி தலைவரை ஒரு பார்வை பார்த்துவிட்டு அதன் கீழே கையெழுத்துப் போட்டார்.

நாளைக்குத் தோண்டிக் குழாயை மாற்றுவதாகச் சொல்கிறார்கள். மாற்றும்வரை தினமும் 'இல்லை' என்றுதான் எழுதுவேன். வேலை போனால் போகட்டும், பொய் எழுத இனி இந்தக் கை வராது.

உங்கள் குப்பி என் கைப்பையில் இருக்கிறது. சாயங்காலம் பஸ்ஸில் பக்கத்தில் இருந்த பெண் என் சேலையை மோந்து முகம் சுளித்து, "கொஞ்சம் தள்ளி உக்காருங்க" என்றாள். நான் தள்ளி உட்காரவில்லை.