தொட்டிக்குச் சோறு

26 பிப்ரவரி, புதன்
சாயப்பட்டறைக் கழிவுநீர்த் தொட்டி இன்று நல்ல டீ நிறம். மழையில் நனைந்த மண் வாசனை. தொட்டியை அமைத்துக் கொடுத்த மஹிமா, தெள்ளார்ப் பக்கத்து ஜைன வீட்டுப் பெண், முகர்ந்து பார்த்து, "நல்லா சாப்புடுதுக்கா" என்றாள். பட்டு நூலை சோப்பும் சோடாவும் போட்டு வேகவைத்தால் பசை கரைந்து வருமே, அந்தத் தண்ணீர்தான் உள்ளே இருக்கிற நுண்ணுயிர்களுக்குச் சோறாம். எறும்பைக்கூட மிதிக்காத வீட்டுப் பெண், கண்ணுக்குத் தெரியாததற்கும் பந்தி போடுகிறாள் என்று கிண்டல் செய்தேன். "பந்தி உங்க பட்டறைலதானே நடக்குது!" வாய் பெரிசு அவளுக்கு.

அடுத்த மாதம் அதிகாரி வந்து சோதனைக்குத் தண்ணீர் எடுப்பார். தேறாவிட்டால் பட்டறைக்குப் பூட்டு.

27 பிப்ரவரி
அமாவாசை. ஊரில் தறி ஓடாது, பட்டறையும் லீவு. படவேடு கோயிலுக்குப் போய் வந்தேன்.

28 பிப்ரவரி
நாத்தம்! கேட்டைத் திறந்ததுமே குடலைப் புரட்டிவிட்டது. தொட்டி கறுத்துக் கிடக்கிறது. சாய மாஸ்டர் ரங்கசாமி புதன் சாயந்தரமே தொட்டிக்குள் காற்று ஊதுகிற மோட்டாரையும் நிறுத்திவிட்டுப் போயிருக்கிறார்.

"அமாவாசைல எந்த மெஷினும் ஓடக்கூடாதேம்மா. பட்டினி கெடக்குமேன்னு ரெண்டு நாள் சோத்த சேத்து ஊத்திட்டுத்தான் நிறுத்தினேன்."

சோத்த ஊத்திட்டு மூச்ச நிறுத்துவாரா ஒரு மனுஷன்? நல்லா கத்திட்டேன். வயசுல பெரியவரு, தலைய குனிஞ்சிகினு நின்னாரு. பட்டறைய பூட்டிட்டா நாங்க எங்க போறது?

1 மார்ச்
மஹிமா திட்டவில்லை. "சோறு மட்டும் போதாதுக்கா. காத்து இருந்தாதான் அது தெம்பா மாறும், இதுங்க பெருகும். காத்து இல்லன்னா வேற கிருமிங்க வந்து உக்காந்துக்கும். அதுங்க விடுற ஏப்பம்தான் இந்த நாத்தம்."

கறுப்பை வடித்து மோட்டாரை ஓடவிட்டோம். சாணிக் கரைசல், கொஞ்சம் வெல்லம். பசைத் தண்ணீர் ஆறிய பிறகு, அதுவும் கொஞ்சம் கொஞ்சமாக. "ஜல்தி பண்ணாதீங்க, செரிக்காது" என்று சொல்லிப் போனாள்.

9 மார்ச், ஞாயிறு
லீவு நாளிலும் ரங்கசாமி வந்து தொட்டிக்கு ஊற்றிவிட்டுப் போனார். என்னிடம் பேச்சில்லை.

16 மார்ச்
ஒரே நுரை. பதறிப்போய் மஹிமாவுக்கு போன் போட்டேன். "வளர்ற வயசு, அப்டித்தான்" என்று சிரிக்கிறாள்.

22 மார்ச்
மண் வாசனை! நானே போய்ச் சொன்னேன்: "அன்னைக்குக் கத்திட்டேன் மாஸ்டர், மனசுல வெச்சிக்காதீங்க."

"உடுங்கம்மா. புள்ளைங்க சாப்புடுதுங்க, அது போதும்."

இவருக்கு இதுங்க எப்போது பிள்ளைகள் ஆச்சு?

26 மார்ச்
அதிகாரி பாட்டிலில் பிடித்துக்கொண்டு போனார். இன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை.

4 ஏப்ரல்
தேறிவிட்டது! பட்டறை முழுக்கக் காராபூந்தி. மஹிமாவுக்குப் பொழுது சாய்வதற்குள் கொடுத்தனுப்பினேன், இருட்டினால் அவள் வீட்டில் சாப்பிட மாட்டார்கள். நிம்மதி. நிம்மதி.

5 ஏப்ரல்
'சாக்கடைக்கு ஊட்டி விடுறாங்க' என்று தெரு முழுக்கச் சொல்லிச் சிரித்த பக்கத்துப் பட்டறை இராஜமாணிக்கம் இன்று சாயந்தரம் மூடி போட்ட வாளியோடு வந்து நின்றார். அவரும் தொட்டி கட்டிவிட்டாராம். அடியில் தங்குகிற சகதியில் ஒரு வாளி வேண்டுமாம், தயிருக்கு உறை கேட்கிற மாதிரி.

நான் எழுந்திருப்பதற்குள் ரங்கசாமி குறுக்கே வந்தார். "வெளக்கு வெச்சாச்சுங்க. வெளக்கு வெச்சப்புறம் வீட்டு உறைய வெளிய குடுக்கமாட்டோம். காலைல வாங்க. ஆனா ஒண்ணு, அமாவாசைக்கும் மோட்டார நிறுத்தமாட்டேன்னு சொன்னாத்தான் குடுப்பேன்."

இராஜமாணிக்கம் தலையாட்டினார். வாளியை இங்கேயே வைத்துவிட்டுப் போயிருக்கிறார்.