செவ்வந்தி எழுதிய ஐந்து வாக்கியம்

சங்கராபுரம்
12.11.1987

அன்புள்ள மகன் இளஞ்செழியனுக்கு அம்மா எழுதுவது. பம்பாயில் உன் உடம்புக்குக் குறையில்லாமல் இருக்கட்டும், இங்கே நலம் என்று எழுத எனக்குக் கை வரவில்லை. உன் கடிதத்தைத் தபால்காரர் உன் தங்கச்சி செவ்வந்தி கையில்தான் கொடுத்தார், அடுப்பு வேலையாக இருந்த எனக்கு வழக்கம்போல அவளே உரக்கப் படித்தாள், பாதியில் நிறுத்திவிட்டாள். மிச்சத்தையும் படிடி என்று அதட்டினேன். “காட்டிக் குடுத்தவள்னு என்னைத்தாம்மா எழுதிக்கிறாரு” என்றாள்.

நடந்தது உனக்கு என்னடா தெரியும்? இடஒதுக்கீட்டு மறியலில் மரம் வெட்டியதாக உன் தம்பி சுபாஷ் பெயரையும் போலீஸில் எழுதிவிட்டார்கள், அவன் கல்வராயன் மலையில் நம்மிடம் புளி விற்கிற சின்னதுரை வீட்டுக்குப் போய்விட்டான். அந்த வாரம் பள்ளிக்கூடத்தில் இலக்கணப் பாடம். பார்த்ததைப் பார்த்தபடி சொல்வது வருணனை வாக்கியமாம், உங்கள் வீட்டைப் பற்றி ஐந்து எழுதுங்கள் என்றாராம் வாத்தியார். எங்கள் வீட்டு வாசலில் போலீஸ் நிற்கிறது, அண்ணன் பாய் சுருட்டியபடி இருக்கிறது, அண்ணன் மலையில் சின்னதுரை மாமா வீட்டில் சாமைச் சோறு சாப்பிடுகிறான் என்றெல்லாம் எழுதியிருக்கிறாள். நன்றாக இருக்கிறதென்று வாத்தியார் வகுப்பிலேயே படித்துக் காட்டினார். அந்தப் பேச்சு எந்தக் காதுக்குப் போனதோ, இரண்டாம் நாள் மலைக்குப் போலீஸ் ஜீப் ஏறி அவனைப் பிடித்துவிட்டது. பன்னிரண்டு வயசுப் பிள்ளை, எதை எழுதக்கூடாது என்று நாம் யாராவது அவளுக்குச் சொன்னோமா? எனக்கே அன்றைக்குப் புத்தி கெட்டு அவளை அறைந்துவிட்டேன், அந்த ஆத்திரம் என்மேல் எனக்கே இன்னும் அடங்கவில்லை.

சுபாஷ் ஜாமீனில் வந்து ஆறு நாள் ஆகிறது. இடது கை வீங்கிக் கிடக்கிறது, மருந்து போடுகிறோம். வந்ததும் நோட்டைக் கொண்டுவரச் சொல்லிப் படித்தான். “இதுல இன்னா தப்பு? இருக்கறதத்தான எழுதிக்கிறா” என்று அவளைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டான். அடிபட்டவனே அப்படிச் சொல்கிறான், உனக்கு எங்கிருந்து வந்தது அந்த வார்த்தை? அவன் சொன்ன பிறகுதான் மறுபடியும் பேனாவைத் தொட்டாள், உன் கடிதம் வந்தது, மூடி வைத்துவிட்டாள். வகுப்பில் சும்மா உட்கார்ந்திருக்கிறாளாம்.

மன்னிப்பெல்லாம் வேண்டாம். நீ தங்கியிருக்கிற அறை எப்படி, ஜன்னலில் என்ன தெரிகிறது என்று அவள் பெயருக்கே எழுது. நம் வீடு இப்போது எப்படி இருக்கிறது என்று அவளைக் கேள். நீயும் என் பிள்ளைதான், நன்றாக இரு, வேளைக்குச் சாப்பிடு. அவளிடமிருந்து பதில் வருகிற வரைக்கும் எனக்கு எழுதாதே.

இப்படிக்கு
உன் அம்மா
தைலம்மாள்