மடியில் கனம் இல்லாதவனின் சாரன்

மச்சான்,

போன சனிக்கிழமை காலை ஒரு வீட்டு வாசலில் பாரை மீன் வெட்டிக்கொண்டு நின்றபோது சட்டைப் பைக்குள் போன் துடித்தது. செதிள் ஒட்டின விரலால் திறந்து பார்த்தேன். ஊர்க் குறூப்பில் உன் முகம். கலியாண வீடொன்றில் எடுத்த போட்டோவிலிருந்து உன்னை மட்டும் வெட்டியெடுத்து, தலைக்கு மேல் ஒரு குடையை ஒட்டி, கீழே "கெமராக்குப் பயந்த மாப்பிள்ளை" என்று எழுதின அந்த ஸ்டிக்கர். நீ மௌத்தாகி எட்டு மாதம். உன் கபுறில் புல்கூட முளைத்துவிட்டது. இவர்களுக்கு மட்டும் நீ இன்னும் குடை பிடித்துக்கொண்டு நிற்கிறாய்.

அந்தப் பெயரை உனக்கு வைத்தவன் நான். அதைப் பற்றித்தான் எழுத வந்தேன்.

ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் பேனை பிடித்திருக்கிறான் என்றால் விசயம் பெரிது என்று விளங்கிக்கொள். எனக்குப் பழக்கம் போனில் பேசி வொய்ஸ் போடுவது. ஆனால் வொய்ஸ் போட்டால் நான் அடுத்த வாசலுக்குப் போகுமுன் அது கட்டாருக்குப் போய்விடுகிறது. கடதாசி அப்படிப் பறக்காது. எழுத்துக்குச் சிரிக்காதே. நண்டு ஓடின மாதிரி எழுதுகிறேன் என்று மூன்றாம் வகுப்பிலேயே நீ சிரித்து முடித்துவிட்டாய்.

உன் கொமினிகேஷன் கடை ஞாபகம் வருகிறது. வெளிநாட்டுக்குக் கதைக்க நம் பக்கத்துக்கே அந்த ஒரு கண்ணாடிக் கூண்டுதான் இருந்த காலம். என் மனுசி வீட்டு வேலைக்குக் குவைத் போயிருந்தாள். வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்ததும் நான் உன் கடைக்கு வருவேன். வாங்கில் ஏழெட்டுப் பேர் குந்தி முறைக்குக் காத்திருப்பார்கள். அவர்கள் அத்தனை பேரையும் சிரிக்க வைத்துவிட்டுக் கூண்டுக்குள் போவேன். போய், அவள் குரலைக் கேட்டதும் பச்சைப் பிள்ளை மாதிரி அழுவேன். அழத் தொடங்கினால் வெளியே உன் ரேடியோ அலறும். உனக்குப் பாட்டுப் பைத்தியம் என்று நெடுநாள் நினைத்திருந்தேன். ஒருநாள் மரக்கறி விலை வாசித்துக்கொண்டிருந்த ரேடியோவையும் முழுச் சத்தத்தில் விட்டாயே, அன்றுதான் விளங்கியது. கத்தரிக்காய் விலையைக் கேட்டு ஊரே காதைப் பொத்தியது. என் அழுகை ஒருவருக்கும் கேட்கவில்லை.

முகத்தைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தால் நீ ஒன்றும் கேட்கமாட்டாய். "நாளைக்கு நல்ல கும்பிளா மீன் வந்தா ரெண்டு எடுத்து வை" என்பாய். அவ்வளவுதான்.

நான் விடுவேனா? "டேய், ஊர் ரகசியம் முழுக்க உன்ட வயித்துக்குள்ளதானே இரிக்கி. ஒண்டை அவிழ்த்து விடன், கேப்பம்" என்று நோண்டுவேன்.

"கடை திறக்கக்குள்ள ரெண்டு காதையும் கழட்டி மேசை லாச்சிக்குள்ள போட்டிருவன் மச்சான். பூட்டக்குள்ளதான் திரும்ப மாட்டுற."

"அதுதான் நான் பிளேன்டீ கேட்டா உனக்குக் கேக்கிறல்லையோ?"

"அதுக்காகத்தான் கழட்டினதே."

பிறகு கூண்டுக்கு வேலை இல்லாமல் போனது. நீ போட்டோ கொப்பி மெசினோடு நின்றாய். கறுப்படித்து வீணான அடையாள அட்டைப் பிரதிகள் ஒரு பெட்டியில் சேரும். கடலை சுற்ற அவற்றைக் கேட்டு வந்த கடலைக்காரரிடம் நீ சொன்னதை நான் பக்கத்தில் நின்று கேட்டேன். "பழைய பேப்பர் எவ்வளவும் கொண்டு போங்க காக்கா. இது ஒரு மனிசிட முகம், அவட வீட்டு விலாசம். இதுக்குள்ள கடலை சுத்த ஏலாது." அவர் போனதும் கடைக்குப் பின்னால் வைத்து எரித்தாய். கடதாசிக்கும் கபுறா என்று நான் சிரித்தேன். எனக்கு எல்லாமே பகிடிதான்.

இரண்டு மோட்டார் சைக்கிள் களவு போன பிறகு நம் றோட்டில் நாலு கெமரா பூட்டினார்கள். முன்நின்றவர் அட்மின் தம்பி. குறூப்பைத் தொடங்கினவரும் அவர்தான், தேர்தலில் வோட்டுக் கேட்க இருந்தவரும் அவர்தான். நீ கெமராவுக்கு எதிரி என்று பிறகு கதை கட்டினார்கள். பூட்டின அன்று ஏணி பிடித்தவனே நீதான். படம் அவர்கள் போனுக்கு வரத் தொடங்கிய பிறகுதான் பிரச்சினை வந்தது. முதலில் சைக்கிளிலிருந்து விழுந்த ஒருவரைக் குறூப்பில் போட்டார்கள், சிரித்தோம். பிறகு யார் யார் வீட்டுக்குப் போனார், எந்தப் பிள்ளை எந்த ஓட்டோவில் இறங்கினாள் என்று நாளும் ஒன்று வந்தது.

நீ குறூப்பில் எழுதினாய். எனக்கு வரி வரியாக நினைவிருக்கிறது. "கெமரா கள்ளனுக்கு. படம் ஒரு பெட்டிக்குள்ள பூட்டி இரிக்கட்டும். களவு போனா மட்டும் திறப்பம். ஊர் மனிசரை ஊருக்குக் காட்ட இது டிவி இல்ல."

கல் மாரி பொழிந்தது. ஆனால் என்ன மரியாதையான கல்! "அன்பின் சகோதரர் அவர்களே, மடியில் கனம் இல்லாதவனுக்கு வழியில் பயம் எதற்கு?" என்று ஒருவர் எழுத, அதற்குக் கீழே பெருவிரல் பெருவிரலாக நட்டார்கள். நீ ஒரே வரியில் திருப்பிக் கொடுத்தாய்: "மடியில கனம் இல்லாதவனும் சாரன் உடுத்துத்தான் போறான்."

அந்த வரியை விட்டுவிட்டு ஆளைப் பிடித்தார்கள். நீ மற்றக் கட்சி ஆள் என்றார்கள். கள்ளனுக்கு வக்காலத்து என்றார்கள். அந்தக் கூண்டில் இத்தனை வருசம் நீ என்னென்ன ஒட்டுக் கேட்டாயோ என்று ஒருவர் "பணிவுடன்" கேட்டார். ஒரு தூஷண வார்த்தை இல்லை மச்சான். ஸலாமில் தொடங்கி துஆவில் முடித்தார்கள். நடுவில் உன்னைத் தோலுரித்தார்கள்.

நான் வாயைத் திறந்து, உன் ரேடியோவைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். கூண்டுக்குள் அழுதவன் நானே அல்லவா? ஆனால் கூட்டம் சிரிக்கிற பக்கம் ஓடுகிற கால் என்னுடையது. தேர்தல் ஓட்டோவில் ஒலிபெருக்கிக்காரன் கத்துகிற குரலில் ஒரு வொய்ஸ் போட்டேன்: "இதோ வருகிறார், இதோ வருகிறார், கெமராக்குப் பயந்த மாப்பிள்ளை! வெயிலுமில்ல மழையுமில்ல, குடையோட வாறார்!" அன்று குறூப் முழுவதும் மஞ்சள் முகங்கள் கண்ணீர் விட்டுச் சிரித்தன. மாலைக்குள் ஸ்டிக்கர் வந்தது. அடுத்த நாள் ஸ்கூல் பிள்ளைகள் உன் கடை வாசலில் நின்று பாடினார்கள். நீ குறூப்பை விட்டு வெளியேறினாய்.

உன் கடைக்கு வந்தேன். கோபத்தில் ஏசுவாய் என்று பார்த்தேன். நீ கொப்பி மெசினைத் துடைத்துக்கொண்டே சொன்னாய்: "நீ பகிடி விட்டா முதல்ல சிரிக்கிற ஆள் நான்தானே. இதுக்கு ஏன் சிரிப்பு வரல்ல எண்டு யோசிச்சன். மத்த நேரம் நீ என்ட மூஞ்சைப் பார்த்துக்கொண்டு விடுவாய். இது அவனுகள்ட மூஞ்சைப் பார்த்து விட்ட."

பிறகு எனக்கும் ஒரு பிளேன்டீ ஊற்றினாய். மன்னிப்புக் கேட்கவேண்டிய வாயால் சீனி காணாது என்று சொன்னேன்.

நீ மௌத்தானபோது அதே ஆட்கள் கையேந்தின படங்களாக அனுப்பினார்கள். "அருமையான மனிதர்." "கண்ணியமானவர்." அன்றும் நான் வாய் திறக்கவில்லை.

சனிக்கிழமை அந்த ஸ்டிக்கர் எதற்கு வந்தது தெரியுமா? என்னிடம் மீன் வாங்குகிற ராத்தா ஒருவர், புருசன் இல்லை, ஒரே மகள். மகள் மருதமுனையில் ஒரு தையல் கடையில் வேலை. மழை ஊற்றின அன்று கூட வேலை செய்கிற ஒருவர் மோட்டார் சைக்கிளில் கொண்டுவந்து சந்தியில் இறக்கிவிட்டார். கெமரா பிடித்தது. "நமது றோட்டின் நிலைமை" என்று குறூப்பில் போட்டார்கள். அந்தப் பிள்ளைக்குச் சம்மாந்துறையில் கலியாணம் பேசிக்கொண்டிருக்கிற நேரம். ராத்தா எழுதினார்: "தம்பிமாரே, என்ட புள்ளட வீடியோவை அழிச்சி விடுங்க. உங்களுக்கும் தங்கச்சிமார் இரிக்காங்கதானே." அதற்குப் பதிலாகத்தான் உன் முகத்தை அனுப்பினார்கள். செத்த உன்னைக் கொண்டு ஒரு தாயின் வாயை அடைத்தார்கள்.

அடுத்த நிமிசம் அட்மின் தம்பி எனக்குத் தனியாக எழுதினார்: "காக்கா, குறூப் சூடாகிட்டு. பழைய மாதிரி ஒரு வொய்ஸ் போடுங்களேன்."

போட்டேன். மீன் கத்தியைக் கீழே வைத்துவிட்டுப் போட்டேன். "அந்தப் பகிடி என்ட. விட்டது பிழை. அவன் என்ட கூட்டாளி. அவன்ட முகத்தை இனி ஆரும் அனுப்பாதீங்க. அவன் சொன்னது அண்டைக்கும் சரி, இண்டைக்கும் சரி. ராத்தாட மகள்ட படத்தை இப்பவே எடுங்க."

பிறகு அட்மின் தம்பி: "கண்ணியமான குறூப் காக்கா. நாகரிகமாகக் கதைங்க. மன்னிப்புக் கேட்டால் நல்லம்."

"புள்ளட படத்தைப் போட்டுப் பார்த்துக்கொண்டு இரிக்கிறது கண்ணியம், எடு எண்டு கேக்கிறது நாகரிகக் கேடா தம்பி? மன்னிப்புக் கேக்கத்தான் வேணும். ஆரிட்ட கேக்கவேணுமோ அவர் மையவாடியில, கபுறுக்குள்ள இரிக்கார்" என்றேன். என்னைத் தூக்கி வெளியே போட்டார்கள்.

அன்று அஸர் தொழுகைக்குள் நாலு பேர் தனித்தனியாக அனுப்பினார்கள், நான் சொன்னது சரியாம். நாலு பேரும் ஒரே றோட்டு. ஒவ்வொருவரும் தான் மட்டும்தான் அப்படி நினைப்பதாக நினைத்துக்கொண்டு, சுவருக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் இருக்கிறார்கள். "இதை அங்க சொல்லன் தம்பி" என்று நாலு பேருக்கும் ஒரே பதில் போட்டேன். மூன்று பேர் வாய் மூடிவிட்டார்கள். ஒருவர் சொன்னார், அவரையும் தூக்கிவிட்டார்கள். பெயரைச் சொல்லமாட்டேன். நீ கேட்கவும் மாட்டாய்.

ஞாயிற்றுக்கிழமையிலிருந்து நம் றோட்டில் பாதி வீடு எனக்குப் பூட்டு. ஹோர்ன் அடித்தால் கேட்டுக்குள்ளிருந்து "இண்டைக்கு மீன் வேணாம்" என்று குரல் மட்டும் வருகிறது. எனக்கா வருத்தம்? மோட்டார் சைக்கிளை நேரே சந்திக் கெமராவுக்குக் கீழே நிறுத்தினேன். ஒரு சூரை மீனை வாலில் தூக்கிப் பிடித்தேன். "அட்மின் தம்பி, நல்லாப் பார்த்துக்கங்க. செவுள் சிவப்பு, கண் பளபளப்பு. வேணுமெண்டா வந்து வாங்குங்க, பார்த்துக்கொண்டு மட்டும் இரிக்கிறது கண்ணியமில்ல!" ராத்தாவும் மகளும் கேட்டைத் திறந்து வந்தார்கள். அந்தப் பிள்ளை கெமராவுக்கு நேரே நின்று, அவசரமே இல்லாமல் மீன் தெரிந்தெடுத்தாள். "தலையையும் போடுங்க காக்கா" என்றாள். என் கண்ணில் உப்பு பட்டுவிட்டது.

ஆனால் ஒன்றை மறைக்கக் கூடாது. கெமரா வர முதல் இந்த ஊருக்குக் கெமரா நான்தான். எந்த வீட்டுக்கு விருந்தாளி வந்தார், எந்த வீட்டில் மூன்று நாளாக மீன் வாங்கவில்லை, எல்லாம் மீனோடு மீனாக வாசலுக்கு வாசல் இறக்கினவன் நான். சிரித்துச் சிரித்து இறக்கினேன்.

இன்று ஒரு மனிசி என்னை மறித்தார், சம்மாந்துறையிலிருந்து மாப்பிள்ளைப் பக்கம் விசாரிக்க வந்த மாமி. நம் பக்கத்தில் பெண்ணைப் பற்றிக் கேட்பதென்றால் மீன்காரனைத்தான் பிடிப்பார்கள்.

"தம்பி, அந்தப் புள்ள எப்பிடி? வீடியோ ஒண்டு வந்திச்சே."

பழைய ஆள் என்றால் அரை மணித்தியாலம் கதைத்திருப்பேன். சும்மா போனாலும் குற்றம் ஒப்புக்கொண்டதாகிவிடும்.

"அந்த வீடியோவில மழை தெரிஞ்சிச்சா மாமி?"

"தெரிஞ்சிச்சு."

"அப்ப முழுக்கப் பார்த்திட்டீங்க. அதுக்கு மேல அதில ஒண்டுமில்ல. உங்கட மகன்ட வீடியோ ஒண்டும் எங்களுக்கு வரல்லையே, அங்கால கெமரா பூட்டல்லையா?"

மாமி என்னை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சிரித்தார். "நாக்கு நீளம் உமக்கு" என்று சொல்லிவிட்டு ராத்தா வீட்டுப் பக்கம் நடந்தார். கலியாணம் சரிவருமா, தெரியாது. உள்ளே என்ன கதைத்தார்கள், அதுவும் தெரியாது. சுவர் ஓரமாக நின்றால் கேட்டிருக்கும். நான் மோட்டார் சைக்கிளை முறுக்கிச் சத்தம் எழுப்பிக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

இன்றும் பெட்டியில் அரைவாசி மீன் மிச்சம். என் மனுசி ஏசுவாள், ஏசிக்கொண்டே பொரிப்பாள். நாளைக்கும் இதே றோட்டால்தான் வருவேன். பார்த்த கதையும் கேட்ட கதையும் மீனோடு சேர்ந்து கனக்கத்தான் செய்கிறது மச்சான். ஒரு வாசலிலும் இறக்காமல் வீட்டுக்குக் கொண்டு போகிறேன்.