பெரியப்பாவின் இரண்டு கையும் மக்னீசியம்

அன்பு மகளுக்கு அம்மா எழுதிக்கொள்வது. இங்கே என் இடது முட்டியைத் தவிர எல்லாரும் நலம். அங்கே நீயும், உன் ஆய்வுக்கூடத்துக் குளிர்பெட்டிக்குள் படிகமாகிக்கொண்டிருக்கும் இன்டக்ரேஸ் நொதியும் நலமா?

சுற்றி வளைக்காமல் விஷயத்துக்கு வர வேண்டும் என்றுதான் உட்கார்ந்தேன், பேனாதான் சுற்றுகிறது. போன மாதமெல்லாம் போனில் உன்னைத் துளைத்து எடுத்தேன் அல்லவா, அந்த நொதி எப்படி இருக்கும், எதை வெட்டும், மாத்திரை போட்டால் என்ன ஆகும் என்று. நீயும் பூரித்துப்போய், எங்கள் அம்மாவுக்கு இந்த வயதில் சயின்ஸ் ஆசை வந்துவிட்டது என்று உன் பேராசிரியரிடம் சொல்லி, அவரும் எனக்கு வாழ்த்துச் சொல்லி அனுப்பினார். அவரிடம் நீயே பக்குவமாகச் சொல்லிவிடு, எனக்கு வந்தது சயின்ஸ் ஆசை இல்லை, கல்யாண ஆசை. நின்றுகொண்டு படித்தால் உட்கார். உட்கார்ந்துவிட்டாயா? சரி.

எங்கள் மூக்குக்கண்ணாடிக் கடை ஐந்தாவது மாடியில் இருக்கிறதே, அந்தக் கட்டடத்து லிஃப்ட் அடிக்கடி மக்கர் செய்யும். அதைப் பழுது பார்க்க வருகிற மெக்கானிக்கைக் கடையில் எல்லாரும் லிஃப்ட்காரர் என்றுதான் சொல்வோம். ஒருநாள், "சரியாயிடுச்சு, தைரியமா வாங்கம்மா" என்று என்னை ஏற்றிக்கொண்டு தானும் ஏறினார். மூன்றுக்கும் நாலுக்கும் நடுவில் நின்றுவிட்டது. வெளியிலிருந்து ஆள் வருகிறவரைக்கும் மனிதர் என்னிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டே இருந்தார், நடுநடுவே லிஃப்டைத் திட்டிவிட்டு அதனிடமும் மன்னிப்புக் கேட்டார். உன் அப்பா போன பிறகு நான் வயிறு வலிக்கச் சிரித்தது அன்றைக்குத்தான். அப்புறம் லிஃப்ட் நன்றாக ஓடுகிற நாளிலும் அவர் வர ஆரம்பித்தார். மதிய இடைவேளையில் படிக்கட்டில் உட்கார்ந்து சாப்பாட்டு டப்பாவைத் திறந்துவைத்துக்கொண்டு பேசுவோம். கல்யாணப் பேச்சை நான்தான் எடுத்தேன், அவர் எடுக்கிற வழியைக் காணோம். கேட்டதும் அவர் முகம் சுருங்கிவிட்டது. "எனக்கு எச்.ஐ.வி. இருக்குங்க. ரொம்ப வருஷமா மாத்திரையில ஓடுது. இதைச் சொன்னதும் எல்லாரும் எழுந்து போயிடுவாங்க. நீங்களும் போகலாம், நான் தப்பா நெனைக்க மாட்டேன்" என்றார். எனக்கு முட்டி வலி, அவ்வளவு சீக்கிரம் எழுந்திருக்க முடியாது என்றேன். மாத்திரையின் பெயரைக் கேட்டேன். அது 'டெக்ராவிர்' என்று முடிந்தது. நீ போனில் அப்படி முடிகிற பெயர்களாகவே அடுக்குவாயே, அந்தத் தைரியத்தில், இது இன்டக்ரேஸைத் தடுக்கிற மாத்திரைதானே என்று ஒரு போடு போட்டேன். மனிதர் வாயைப் பிளந்தார். என் மகள் அந்த நொதியோடுதான் குடும்பம் நடத்துகிறாள் என்று பெருமையடித்தேன். அவருக்கு அது எப்படி வந்தது என்று நான் கேட்கவில்லை, நீயும் கேட்காதே.

படிக்கட்டில் வீராப்பாகப் பேசினேனே தவிர வீட்டுக்கு வந்ததும் பயம் பிடித்துக்கொண்டது. அதனால்தான் உனக்கு அத்தனை போன். அவருடைய டாக்டரம்மாவையும் போய்ப் பார்த்தேன். "ரத்தத்துல வைரஸ் பரிசோதனைக்கே சிக்காத அளவுக்குக் கொறஞ்சு ரொம்ப நாளாச்சு. மாத்திரையை விடாம சாப்பிட்டு இப்படியே இருக்கிறவரைக்கும், நீங்க தம்பதியா வாழ்ந்தாலும் அவர்கிட்டேர்ந்து உங்களுக்குத் தொத்தாது" என்றார். திரும்பத் திரும்ப நான் அதையே கேட்க, வேண்டுமானால் பாட்டாகப் பாடிக் காட்டட்டுமா என்று சிரித்தார்.

மிச்சம் இருந்தது உன் பெரியம்மா. போன ஞாயிற்றுக்கிழமை லிஃப்ட்காரரை அவள் வீட்டுக்கு அழைத்துப் போனேன். அவளிடம் விஷயத்தை முன்னாலேயே சொல்லியிருந்தேன். எங்கள் எல்லாருக்கும் பீங்கான் கோப்பையில் டீ வந்தது, அவருக்கு மட்டும் காகிதக் கோப்பை. அவர் கை நீட்டி வாங்கிக்கொண்டார். பழகின கை. அந்தப் பழக்கம்தான் எனக்குப் பொறுக்கவில்லை. கோப்பையில் எல்லாம் தொற்றாது அக்கா என்றேன். "உனக்கென்னடி தெரியும், நீ கண்ணாடி விக்கிறவ" என்றாள். எனக்கு வந்ததே கோபம், கொல்லைப்புறம் போய்த் துணி காயப்போடும் கயிற்றை அவிழ்த்துக்கொண்டு வந்தேன்.

இந்தக் கயிறு வைரஸின் டி.என்.ஏ., ஜன்னல் திரை நம் செல்லின் டி.என்.ஏ. என்று ஆரம்பித்தேன். இன்டக்ரேஸ் ஒற்றை ஆள் இல்லை, பல மூலக்கூறு கைகோத்துக்கொண்டுதான் கயிற்றின் இரண்டு நுனியையும் சேர்த்துப் பிடிக்கும் என்றாயே, ஆள் பற்றாக்குறையால் நானும் லிஃப்ட்காரருமே ஆளுக்கொரு நுனியைப் பிடித்தோம். முதலில் நுனியில் இரண்டு டி.என்.ஏ. எழுத்தை நறுக்கும் என்று சொல்லிக் கத்தரிக்கோலால் கயிற்றை நறுக்கினேன். பிறகு அந்த நுனியால் செல்லின் டி.என்.ஏ.வை வெட்டி அங்கேயே ஒட்டிக்கொள்ளும் என்று சொல்லிக்கொண்டே, பேச்சு வேகத்தில், திரையையும் வெட்டிவிட்டேன். உன் பெரியம்மா "ஐயோ, என் புதுத் திரை" என்று அலறினாள். "பாத்தியா, இதேதான் அக்கா, ஒட்டிட்டா செல் அதைத் தன்னோடதுன்னு நெனச்சு வைரஸை அச்சடிச்சுக் குடுத்துக்கிட்டே இருக்கும்" என்றேன். வெட்டுகிற இடத்தில் இரண்டு மக்னீசியம் இருக்க வேண்டுமே, அதற்கு உன் பெரியப்பாவின் இரண்டு கையையும் நீட்டச் சொன்னேன். பேப்பர் படித்துக்கொண்டிருந்தவர் ஏன் என்றுகூடக் கேட்காமல் நீட்டினார், உன் பெரியம்மாவோடு குடித்தனம் நடத்திய பயிற்சி. இந்தக் கை இல்லாவிட்டால் கத்தரி ஓடாது என்று சொல்லி, அக்காவிடம், "இப்ப நீதான் மாத்திரை. அத்தான் கை ரெண்டையும் கெட்டியா பிடிச்சுக்கோ, கயித்தை உள்ள விடாதே" என்றேன்.

பிடித்தாள் பார். நாங்கள் நுனியை எந்தப் பக்கம் கொண்டு வந்தாலும் முழங்கையாலேயே இடித்துத் தள்ளினாள். பெரியப்பா, "விடுடி, ரத்தமே ஓடலை" என்று கெஞ்சினார். "விட்டா ஒட்டிக்குமே!" என்று கத்தினாள். கத்தின பிறகுதான் அவளுக்கே உறைத்தது. லிஃப்ட்காரர் பக்கம் திரும்பி, "இப்படித்தான் உங்களுக்குள்ள பிடிச்சுக்கிட்டு இருக்கா?" என்று கேட்டாள். "ஆமாங்க, ஒரு நாளும் விட்டதில்லை" என்றார். அப்போ ஏற்கெனவே ஒட்டினது என்று இழுத்தாள். நான் பொய் சொல்லவில்லை. அதை எடுக்க முடியாது, பதுங்கிக் கிடக்கும், மாத்திரையை விட்டால் எழுந்துகொள்ளும் என்றேன். அவள் உள்ளே போய், புது டீ போட்டு எல்லாருக்கும் பீங்கானிலேயே கொண்டுவந்தாள். மறுநாளிலிருந்து காலையில் பல் தேய்க்கும் முன்னாலேயே அவருக்குப் போன், "மாத்திரை போட்டாச்சா?" டாக்டரம்மாகூடத் தன்னை இவ்வளவு படுத்தியதில்லை என்கிறார்.

உன்னிடம் அனுமதி கேட்டு எழுதவில்லை, ஆனால் உன் மனசு கோணினால் எனக்குச் சாப்பாடு இறங்காது. பதிவாளர் அலுவலகத்துக்கு உன் லீவைப் பார்த்துத்தான் நாள் சொல்லப் போகிறோம். ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். அந்த நொதி லேசாக உருவம் மாறினாலே மாத்திரையின் பிடி வழுக்கும், அதைத்தான் ஆராய்கிறேன் என்றாய். அப்போது 'உம்' கொட்டினேன், இப்போது அதை நினைத்தால் தூக்கம் போகிறது. எப்போது பார்த்தாலும் வேலையைப் போட்டுவிட்டு வீட்டுக்கு வா என்று நச்சரித்தவள் நான்தான். இந்தத் தடவை வா, ஒரு வாரம் இரு, அப்புறம் நீ அழுதாலும் அந்த ஆராய்ச்சிக்கே நானே உன்னை விமானம் ஏற்றிவிடுவேன். எனக்கு இந்த மனிதர் ரொம்ப நாள் வேண்டும்.

நல்ல தூக்கமும் நல்ல துணையும் உனக்குக் கிடைக்கட்டும். கண் பரிசோதனையைத் தள்ளிப் போடாதே, கண்ணாடிக்கடைக்காரி மகள் கண்ணைச் சுருக்கிப் படித்தால் என் மானம் போகும்.

என்றும் உன் நினைவாக,
அம்மா