கேட்டவர் கருத்து: இருபது புள்ளி

உட்துறைமுக வீதி,
திருகோணமலை.
05.10.2006

அன்பு மகள் வதனிக்கு,

நான் சுகம். தண்ணீருக்கடியால் வரும் சுழியோடிகளுக்குப் பயந்து நேவிக்காரர் துறைமுகத்துக்குள் போடும் வெடிகளை நான் எண்ணி எழுத, நீ அந்த எண்களைக் கம்பியூட்டருக்குக் கொடுத்து இசையாக்குகிறாய் என்று வாசித்துத் திகைத்துப்போனேன். இதற்குமா லண்டனில் புள்ளி போடுகிறார்கள்? கொன்வென்டில் பியானோ படித்த எங்களுக்கு விரலில் அடிதான் விழுந்தது.

சரி, இந்த வாரம்: திங்கள் ஒன்பது, செவ்வாய் பதினான்கு, புதன் ஏழு.

டெலிபோனில் கோல் எடுக்காதே. வீண் செலவு.

அம்மா

லண்டன்
20.10.2006

என் அன்பு அம்மாவுக்கு,

பாடவேலை முடிந்தது. நான் எழுதிய புரோகிராம் ஏப்ரலில் இருந்து நீங்கள் அனுப்பிய எண்களை ஒவ்வொன்றாக எடுத்து ஸ்வரமாக்குகிறது. நூறு புள்ளியில் இருபது, இசையைக் கேட்ட ஒருவர் எழுதித் தரும் கருத்துக்கு. என் தலைப் பின்னலுக்கே புள்ளி போட்ட ஆள் நீங்கள். உங்களை விட்டு வேறு யாரிடம் கேட்பேன்? சீடி அனுப்புகிறேன். இரக்கம் பார்க்காமல் எழுதுங்கள்.

வதனி

திருகோணமலை
06.11.2006

அன்பு மகளுக்கு,

பக்கத்துப் புஷ்பவதி வீட்டில் போட்டுக் கேட்டேன். தொடக்கம் அடக்கமாக இருக்கிறது. நடுப்பகுதியில் சத்தம் மிதமிஞ்சிவிட்டது. நல்ல குடும்பத்துப் பிள்ளை இப்படி இரைச்சல் போடக் கூடாது. முடிவில் அவசரம். நூற்றுக்கு அறுபத்தெட்டு. மறுபேச்சில்லை.

உன் விரிவுரையாளர் பார்ப்பார் என்பதால் முழுப் பெயர் போடுகிறேன்.

கமலேஸ்வரி ஞானசேகரம்

லண்டன்
24.11.2006

அம்மா,

அந்த நடுப்பகுதியில் சத்தமே இல்லை. ஓகஸ்டில் இரண்டு வாரம் உங்கள் கடிதம் வரவில்லை. அதற்காக மூன்று நிமிடம் வெறுமையாக விட்டிருந்தேன். உங்கள் கருத்தை மொழிபெயர்த்து வாசித்தபோது விரிவுரையாளர் என்னையே பார்த்தார்.

உடனே புஷ்பவதி மாமிக்குக் கோல் எடுத்தேன். "சீடியோ? இஞ்ச ஒருத்தரும் கொண்டுவரேல்லை. கொம்மாவோ? பின்னால நிண்டு கூப்பிட்டாலும் திரும்பிப் பாக்கிறா இல்லை, பிள்ளை. பெருமை கூடிப்போச்சு" என்கிறார்.

ஓகஸ்டில் என்ன நடந்தது, அம்மா?

வதனி

திருகோணமலை
11.12.2006

என் மகளுக்கு,

உன் கடிதம் கிடைத்தது.

ஓகஸ்டில் கிணற்றடியில் ஷெல் விழுந்து வெடித்தது. உடம்பில் ஒரு கீறலும் இல்லை. அன்றிலிருந்து இரண்டு காதும் கேட்காது. சொன்னால் படிப்பை விட்டுவிட்டு ஓடி வருவாய்.

எண்ணிக்கை பொய்யல்ல. யன்னல் கண்ணாடியில் உள்ளங்கையை வைத்து அதிர்வை எண்ணினேன். கருத்துத்தான் முழுப் பொய். எந்த இசையும் நடுவில் ஓங்கும் என்று நம்பி எழுதினேன். நீ அங்கே ஒன்றுமே வைக்கமாட்டாய் என்று எனக்கு எப்படித் தெரியும்? அந்த இரண்டு வாரமும் எனக்கு இங்கே அப்படித்தான் இருந்தது.

விரிவுரையாளரிடம் உண்மையைச் சொல். இருபது புள்ளியையும் வெட்டட்டும்; அது என் பிழை. நீ வராதே. பரீட்சையை எழுது.

புஷ்பவதிக்கு ஒன்றும் சொல்லாதே. பெருமைக்காரி என்றே நினைக்கட்டும்.

அம்மா