ராணி போடாத சில்லறை

14.11.1984, புதன், ஈப்போ

இன்று தேர்வு முடிவு. என் அறைத்தோழி ராணி தேறவில்லை. மாலைதோறும் விடுதியின் காசுத் தொலைபேசியில் தஞ்சோங் மாலிம் ஊர்ப் பையனுடன் பேசிக்கொண்டே இருந்தால் எப்படித் தேறுவாள்? சொல்லிச் சொல்லி என் வாய்தான் வலித்தது.

நாங்கள் இருவரும் ஒரே எஸ்டேட்; அந்தத் தோட்டத்துக்கே கடையில் ஒரு போன்தான். ராணி அதில் தன் அம்மாவைக் கூப்பிட்டாள். அம்மா வந்ததும் ரிசீவரை என்னிடம் திணித்துவிட்டாள். நான் ஹலோ என்றேன்.

“சாந்தியா? ராணி பாஸ்தானே? கடையில எல்லாரும் கேக்குறாங்க லா. வீட்டுக்குப் போன் பண்ணக்கூட நேரமில்லாம படிக்கிறான்னு சொல்லி வச்சிருக்கேன்.”

அதற்குள் காசு தீர்ந்து இணைப்பு அறுந்தது.

ராணியின் உள்ளங்கையில் இன்னும் சில்லறை இருந்தது. அவள் போடவில்லை. போடு என்று நானும் சொல்லவில்லை.