கல் ஒரு பக்கம்தான் இருந்தது

இத்தனை வருஷம் வாய் திறக்காமல் இருந்தது போதும். எழுதிவிடுவது என்று இன்று உட்கார்ந்திருக்கிறேன். நீர் வாசிக்கப் போவதில்லை என்று ஆன பிறகுதான் எனக்கு இந்தத் துணிவு வந்திருக்கிறது. இருந்திருந்தால் இதை நீர் சொல்லிக் காட்டியிருப்பீர். நானே சொல்லிவிடுகிறேன்.

மேசையில் ஒரு காரைக்கட்டி கிடக்கிறது. உள்ளங்கை அகலம் இருக்கும். சுண்ணாம்பும் மணலும் இறுகிய கட்டி. ஒரு ஓரத்தில் மூன்று நத்தை ஓடுகள் பதிந்திருக்கின்றன. முந்தாநாள் கோட்டைமேட்டிலிருந்து கைக்குட்டையில் சுற்றிக் கொண்டுவந்தேன். அடியில் ஒட்டியிருந்த கரிசல் மண் இன்னும் முழுக்கக் காயவில்லை. கதவைச் சாத்தினால் அறை முழுவதும் அந்த வாசனைதான். ஐப்பசி மழையில் நாம் இரண்டு பேரும் சைக்கிளைத் தோளில் தூக்கிக்கொண்டு நாகலாபுரம் பாதையில் நடந்த வாசனை.

அப்போது நமக்கு முப்பது வயதுகூட ஆகவில்லை. நீர் யூனியன் ஆபீசில் ஓவர்சீயர், நான் பள்ளிக்கூடத்தில் சரித்திர வாத்தியார். கோவில்பட்டியில் ஒரே வளவில் எதிரெதிர் வீடு. ஞாயிற்றுக்கிழமை வேதக்கோயிலில் ஜெபம் முடிந்ததும் வெள்ளைச் சட்டையைக்கூட மாற்றாமல் வந்து என் வாசலில் மணியடிப்பீர். "என்னவே, ராசாக்கமாரு காத்துக்கிட்டிருக்காவ, வாரும்." கைப்பையில் உம் டேப், என் நோட்டு, ஒரு பொட்டலம் காராச்சேவு. பாளையக்காரர்களின் இடிந்த கோட்டைகள், ஜமீன் அரண்மனைகள், மண்மேடுகள் என்று யார் என்ன சொன்னாலும் போய்ப் பார்த்துவிடுவோம். எல்லாமே ஏதாவது ஒரு கண்மாயை ஒட்டித்தான் இருக்கும். தண்ணீர் இல்லாத இடத்தில் எவன் கோட்டை கட்டுவான் என்பீர்.

அந்த ஜமீன் அரண்மனை நினைவிருக்கிறதா? காவல்காரர் படியிலேயே நம்மை நிறுத்திவிட்டார்.

"செருப்பைக் கழத்திட்டு ஏறுங்க சார்வாள். மகாராசா இருக்குத எடம்."

"மகாராசா உள்ளயா இருக்காவ?" என்று நீர் கேட்டீர்.

"மெட்ராசுக்கு வழக்குக்குப் போயிருக்காவ."

"எப்பப் போனாவ?"

அவர் கொஞ்சம் யோசித்தார். "எனக்குக் கல்யாணம் ஆன வருசம்."

அவருடைய பேரன் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தான். சிரிப்பை அடக்க முடியாமல் நீர் தூணுக்குப் பின்னால் போய்விட்டீர். மாடியில் வௌவால் எச்சத்தின் நெடி. சன்னலில் சிவப்பும் பச்சையுமாகச் சில கண்ணாடித் துண்டுகள் மிச்சம் இருந்தன. நான் விட்டத்து மரவேலைப்பாட்டைப் பார்த்து எழுதிக்கொண்டிருந்தேன். நீர் சன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தீர். கண்மாய் நிறைந்து கிடந்தது. அதற்கு அப்பால் இன்னொரு கண்மாய், அதற்கும் அப்பால் ஒன்று. நம் வறண்ட சீமைதானா இது என்று இருந்தது. காற்று அடிக்கும்போது தண்ணீர் கரையில் மோதுகிற சத்தம் மாடி வரைக்கும் கேட்டது.

"இந்தக் கட்டடத்தக் கட்டுனவன விட அந்தக் கரையப் போட்டவன் கெட்டிக்காரன்வே. அவன் பேரு எவனுக்கும் தெரியாது, பாத்தீரா" என்றீர்.

நான் எழுதுவதை நிறுத்தவில்லை. நீர் சொன்னதைக் குறித்துக்கொள்ளவும் இல்லை. இருட்டுகிற வரைக்கும் அந்தச் சன்னலில் உட்கார்ந்திருந்தோம். எனக்கு இந்த ஐம்பது வயதுக்குள் வேறு எந்த மனிதரோடும் அப்படி உட்கார வாய்க்கவில்லை. உம்மேல் இருக்கிற கோபத்தோடேயே இதை எழுதுகிறேன்.

கோட்டைமேடு என் அப்பாவின் ஊரில் இருந்தது. கரிசல் காட்டுக்கு நடுவே ஆள் உயரத்துக்கு மேல் எழும்பி, வில் மாதிரி வளைந்து போகிற மண்மேடு. அதன்மேல் உடைமரங்கள். அந்தக் கோட்டையில் எங்கள் முப்பாட்டனார் படை நடத்திய தளவாயாக இருந்தார் என்று வீட்டில் சொல்லுவார்கள். சொல்லிக்கொள்ள எங்களிடம் வேறு எதுவும் மிச்சம் இல்லை. நிலத்தைப் பங்கு வைத்தபோது என் தம்பி கண்மாய்ப் பாசனத்தை எடுத்துக்கொண்டு எனக்கு மானாவாரியைத் தள்ளிவிட்டான். பள்ளிக்கூடத்தில் எனக்கு இளையவன் உதவித் தலைமையாசிரியர் ஆகிவிட்டான். எனக்கென்று அந்தக் கோட்டை ஒன்றுதான் இருந்தது. அது உமக்குத் தெரியும். அதனால்தான் முதல்முறை நீர் மெதுவாகச் சொன்னீர்.

"கல்லு ஒரு பக்கந்தான் பதிச்சிருக்குவே."

"அதுக்கென்ன?"

"கோட்டைன்னா எதிராளி வார வெளிப்பக்கம் கல்லு இருக்கணும். இது வளைவுக்கு உள்பக்கம் இருக்கு. அலை அடிக்குத பக்கம் கல்லு பதிக்கது கண்மாய்க்குத்தான்."

இரண்டாம் முறை போனபோது, மேடு ஏன் நான்கு பக்கமும் சுற்றி வரவில்லை என்று கேட்டீர். மீதிச் சுவரைக் கும்பினிக்காரன் பீரங்கி வைத்து இடித்துவிட்டான் என்றேன். "பீரங்கி வச்சவன் ஒரு செங்கல்லக்கூட விடாம பொறுக்கிட்டா போயிட்டான்?" என்று சிரித்தீர். மூன்றாம் முறை நத்தை ஓடுகளைப் பொறுக்கி என் கையில் கொடுத்தீர். "கோட்டைக்குள்ள இதுகளுக்கு என்ன சோலி? நீரு எழுதுததுக்கு முன்னால இன்னொரு தரம் யோசியும்." நான் அவற்றை வேலிக்கு அப்பால் வீசி எறிந்தேன்.

கட்டுரையை எழுதி முடித்து, படிப்பகத்துக் கூட்டத்தில் வாசித்தேன். கோட்டையின் நீளம், வாசல் இருந்த திசை, தளவாய் நின்று போரிட்ட இடம் எல்லாம் அதில் இருந்தன. நீளத்தை அளந்தது உம் டேப்தான். கடைசி வரிசையில் நீர் உட்கார்ந்திருந்தீர். தலைமை தாங்கிய வக்கீல், "நம்ம ஓவர்சீயர் சாரும் கூடப் போயிருக்காவளே, அவியளும் ரெண்டு வார்த்தை சொல்லட்டும்" என்றார். நீர் வேண்டாம் என்று கையை ஆட்டினீர். அவர் விடவில்லை. எழுந்து நின்று கழுத்தைத் தடவிக்கொண்டீர்.

"கட்டுரை நல்லா இருக்கு. உழைப்பு இருக்கு. ஆனா அது கோட்டை இல்ல. பழைய கண்மாய்க்கரை."

வக்கீல் கேட்டார்: "அப்ப சார்வாளோட பாட்டனாரு படையைத் தண்ணிக்குள்ளயா நிறுத்தி வச்சிருந்தாரு?"

கூட்டம் சிரித்தது. நீர் சிரிக்கவில்லை என்பது எனக்கு நன்றாகத் தெரியும். ஆனாலும் என் காதில் விழுந்த சிரிப்பில் உம்முடையதையும் சேர்த்துக்கொண்டேன். மறுவாரமே பள்ளிக்கூடத்தில் எனக்கு 'கண்மாய் ராஜா' என்று பெயர் வைத்துவிட்டார்கள். பையன்கள் வளர்ந்து போனார்கள். பெயர் மட்டும் அடுத்த வகுப்புக்கு வந்துகொண்டே இருந்தது. இன்றைக்கும் கரும்பலகையில் எழுதத் திரும்பினால் பின்னால் எவனாவது முணுமுணுப்பான்.

அடுத்த மாதமே வேறு தெருவுக்கு வீடு மாறினேன். நீர் தேடி வந்தீர். ஆள் இல்லை என்று சொல்லச் சொன்னேன். என் மனைவி தலையைக் குனிந்துகொண்டு சொன்னாள். உள்ளறையில் இருந்து உம் சைக்கிள் ஸ்டாண்டை எடுக்கிற சத்தம் கேட்டேன். இரண்டாம் முறை வந்தபோது மழை தூறிக்கொண்டிருந்தது. கொஞ்ச நேரம் நின்றீர். "வந்தா, நான் வந்துட்டுப் போனேன்னு சொல்லுங்க மதினி" என்றீர். பிறகு உமக்கு ராமநாதபுரம் பக்கம் மாற்றல் ஆனது என்று கேள்விப்பட்டேன். நிம்மதி என்று சொல்லிக்கொண்டேன். அந்த ஞாயிற்றுக்கிழமையும் உம் சைக்கிள் மணி அடிக்கிற பத்து மணிக்குக் காது வாசலில்தான் இருந்தது.

நீர் காலமான செய்தி வந்தபோது உம் ஊரான குளத்தூருக்கு டிக்கெட் எடுத்தேன். பாதி வழியில் விளாத்திகுளத்திலேயே இறங்கி, டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து குளத்தூர் பஸ்கள் மூன்றை விட்டுவிட்டு, எதிர்ப்பக்கம் வந்த பஸ்ஸில் ஏறிக் கோவில்பட்டிக்கே திரும்பிவிட்டேன். சில மாதங்கள் கழித்துப் பஸ் நிலையத்தில் உம் வீட்டம்மா எதிரே வந்தார்கள். நான் கும்பிட்டேன். அவர்கள் கும்பிடவில்லை.

"ஒங்க வாசல்ல அவிய ரெண்டு தரம் நின்னுட்டு வந்தாவ அண்ணாச்சி. ரெண்டாந்தரம் வந்து அன்னைக்கி ராத்திரி சாப்பிடல. நான் மறக்க மாட்டேன்."

சொல்லிவிட்டுக் கழுகுமலை பஸ்ஸில் ஏறிக்கொண்டார்கள். பஸ் புறப்படுகிற வரைக்கும் இந்தப் பக்கம் திரும்பவில்லை.

இனி முந்தாநாள் நடந்தது. மழை பொய்த்துப்போய் அப்பாவின் ஊரில் வறட்சி நிவாரண வேலை நடக்கிறது. ஊர்க் கண்மாயின் கரையை உயர்த்துவதற்குக் கோட்டைமேட்டை வெட்டி மண் எடுக்கிறார்கள் என்று கேட்டதும், தடுத்து நிறுத்துகிற ஆத்திரத்தோடு போனேன். மேட்டை நடுவில் பிளந்திருந்தார்கள். மண்வெட்டியோடு நின்ற ஒரு பெண் என்னைக் கூப்பிட்டாள்.

"சார், கோட்டைக்குள்ள மடை இருக்குமா?"

"ராசா குளிக்கதுக்கு வச்சிருப்பாரு" என்றாள் கூடையோடு நின்றவள்.

"ஏட்டி, சும்மா இரி. சாரு மொகத்தப் பாரு."

குனிந்து பார்த்தேன். இரண்டு நிறுத்துக்கல். நடுவே வட்டமாகத் துளை போட்ட பலகைக்கல். அதற்குக் கீழே, மேட்டின் அடி வழியாக வெளிப்பக்கம் போகிற கல் வாய்க்கால். தண்ணீரைத் திறந்துவிடுகிற மடை. எங்கள் ஊர்க் கண்மாயில் இருப்பது மாதிரியே, அச்சு அசலாக. அந்தத் துளைக்குள் கையை விட்டேன். விளிம்பு வழவழப்பாக இருந்தது. எத்தனை தலைமுறைத் தண்ணீர் அந்த வழியாகப் போயிருக்குமோ. வேலையைத் தடுக்கவில்லை. பக்கத்தில் கிடந்த காரைக்கட்டியை எடுத்துக்கொண்டு பஸ் ஏறிவிட்டேன்.

அது கண்மாய்க்கரைதான். நீர் சொன்னது சரி.

எழுதியாகிவிட்டது. இத்தனை வருஷமும் உம்மேல் நான் வைத்திருந்த குற்றம் ஒன்றே ஒன்றுதான்: என்னிடம் தனியாகச் சொல்லியிருக்கலாமே, சபையில் வைத்து ஏன் சொன்னீர் என்பது. இந்தக் கடிதத்தின் முன்பக்கங்களைத் திருப்பிப் பார்க்கிறேன். தனியாக நீர் மூன்று முறை சொன்னதை என் கையாலேயே எழுதி வைத்திருக்கிறேன். அந்த வக்கீலை மன்னிக்க எனக்கு மனம் இல்லை. தம்பியையும் இல்லை. உம்மை மன்னிப்பதற்கு ஒன்றும் இல்லை என்பதுதான் தாங்க முடியாமல் இருக்கிறது.

ஒரு பழக்கம் மட்டும் என்னோடு தங்கிவிட்டது. பஸ்ஸில் எந்தக் கண்மாயைத் தாண்டினாலும் சன்னல் பக்கம் சாய்ந்து, கல் எந்தப் பக்கம் பதித்திருக்கிறது என்று பார்க்கிறேன். உம்மோடு பேசாமல் இருந்த காலத்திலும் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். பார்த்ததைச் சொல்வதற்குப் பக்கத்து சீட்டில் ஆள் இல்லை.

குளத்தூர் முகவரிக்கு, உம் வீட்டம்மாவின் பெயருக்கு உறை எழுதிவிட்டேன். அனுப்புநர் இடத்தில் பேனாவை வைத்தேன், பிறகு எடுத்துவிட்டேன். என் பெயரைப் பார்த்தால் அவர்கள் கிழித்துப் பார்க்காமலேயே அடுப்பில் போட்டுவிடுவார்கள். போடுவதற்கு அவர்களுக்கு நியாயம் இருக்கிறது. பெயர் இல்லாத கடிதம் என்றால் யாருடையது என்று பிரிப்பார்கள். முதல் பக்கத்திலேயே ஆள் இன்னார் என்று தெரிந்துவிடும். அதற்கு மேலும் படிப்பார்களா, தெரியாது. நீர் சொன்னது சரி என்கிற வரி வரைக்கும் படித்தால் போதும். அப்புறம் அடுப்பில் போடட்டும். காலையில் முதல் தபாலுக்கே சேர்த்துவிடுகிறேன், கையெழுத்து இல்லாமல்.